அன்பியத்து மிஷின்

ஐஸ் பெட்டியின் ஒயரைச் செருக வேறு இடமில்லாமல், ஆக்சிஜன் மிஷினின் பிளக்கைச் சகாயமேரியே பிடுங்கினாள். பெட்டிக்குள் அவளுடைய அப்பா அருளப்பன் வெள்ளை வேட்டியில் கிடந்தார். விடிகாலையில் மூச்சு நின்றிருந்தது. வந்து பார்த்த டாக்டர், "நெஞ்சுல கிருமி சேந்துபோச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கோச்சடையில் அந்த மிஷினுக்கு ஓய்வு கிடையாது. தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்பியம் என்ற ஜெபக் குழுவாகச் சேர்ந்து வாங்கியது. எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் கேட்டால் போகும். ஆள் தேறினாலும், போனாலும், அடுத்த வீடு. கொடுக்கும்போது அன்பியத் தலைவர் மைக்கேல்ராஜ் தவறாமல் ஒன்று சொல்வார். மிஷினில் மாட்டியிருக்கிற, காற்று குமிழ் விட்டு வருகிற பாட்டிலின் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

மதியத்துக்கு முன்பே பக்கத்துத் தெரு பால்பாண்டி ஆட்டோவோடு வந்துவிட்டான். அவன் மனைவி கனகலட்சுமி சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். அவளுக்கு வீட்டிலும் ஆக்சிஜன் வேண்டும்.

"டீச்சர், இந்த நேரத்துல வந்து நிக்கிறது தப்புத்தான். எனக்கு வேற வழி தெரியல" என்றான் சகாயமேரியிடம்.

"இதுல என்ன மாப்ள, தூக்கிட்டுப் போ" என்றார் மைக்கேல்ராஜ். "மேரி வச்சிருந்த மிஷின், பளபளன்னு இருக்கும் பாரு. அப்பாவக் கண்ணுக்குள்ள வச்சுல்ல பாத்துச்சு!"

சுற்றி இருந்த பெண்கள் தலையசைத்தார்கள். நல்ல பேர் வாங்குவது ஒன்றும் பெரிய வேலையில்லை. அந்தப் பேரைத் திருப்பிக் கொடுப்பதுதான் உயிர் போகிற வேலை. சகாயமேரி எழுந்து, மிஷினுக்குத் தானே தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையை விலக்கினாள். பாட்டிலின் உள்பக்கம் பச்சையாக வழுவழுத்திருந்தது.

அதில் இருந்தது தீர்த்தம். ஈஸ்டர் ராத்திரி கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்தது. வைத்தியம் கைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் அதை ஊற்றத் தொடங்கினாள். தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. அதனால் கொட்டவுமில்லை, கழுவவுமில்லை. குறையக் குறைய மேலேயே ஊற்றினாள். ஏழாம் வகுப்புக்கு நுண்ணுயிர்ப் பாடத்தைப் படம் போட்டு நடத்துகிறவள் அவள்.

போன வாரம் அப்பா மூக்குக் குழாயை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, தண்ணி வாடையடிக்குது."

"தீர்த்தம்ப்பா. அப்படியெல்லாம் சொல்லக்கூடாது."

அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

பாட்டிலைக் கழற்றி முந்தானைக்குள் கொண்டுபோய்த் தேய்த்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த ஆசை வந்தது. அதற்குள் பால்பாண்டி குனிந்து மிஷினைப் பிடித்துவிட்டான்.

"எடுக்காதப்பா."

"ஏன் டீச்சர்?"

"பாட்டில்ல பாசி புடிச்சிருக்கு. நான் ஒரு நாள் கூடக் கழுவல. தீர்த்தம்னு ஊத்திக்கிட்டே இருந்துட்டேன். அப்பா அந்தக் காத்தத்தான் இழுத்தாரு."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றது. மைக்கேல்ராஜ் தரையைப் பார்த்தார். பால்பாண்டி மிஷினிலிருந்து கையை எடுத்து, தன்னையறியாமல் கைலியில் துடைத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்லவேள சொன்னீங்க டீச்சர்" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பாட்டிலும் குழாயும் புதுசு வாங்கிருவோம்" என்றார் மைக்கேல்ராஜ் மெதுவாக. "பில்டரக் கழுவிக் காயவச்சு, மிஷினத் துடச்சு, ஒன் வீட்டம்மா வாரதுக்குள்ள நானே கொண்டாந்து தாரேன், நீ போ மாப்ள."

அதனால்தான் அப்பா செத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. கொல்லைக்குப் போய்ப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பில்டரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசினாள். ஒத்தாசைக்கு ஒருத்தியும் எழுந்து வரவில்லை. வாடை கையைவிட்டுப் போகாமல் மறுபடி மறுபடி சோப்புப் போட்டாள்.

சாயந்திரம் பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி முடித்தார். ஒவ்வொருவராகத் தீர்த்தம் தெளித்தார்கள். மகள் முறை வந்தபோது, மைக்கேல்ராஜ் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

சகாயமேரி விரல்களை நனைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் அவற்றை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகுதான் அப்பாவின் மேல் தெளித்தாள்.