நான்காவது ஹிட்லர்

டப்பிங் அறையில் அவரை எல்லோரும் 'மீசை' என்றுதான் கூப்பிடுவார்கள். முகமோ மழமழவென்று சவரம் செய்த முகம். இருபத்திரண்டு வருடங்களில் மூன்று வெளிநாட்டுப் படங்களில் மூன்று நடிகர்கள் ஹிட்லராக வந்தார்கள். மூவருக்கும் தமிழில் குரல் கொடுத்தவர் அவர். அதனால் வந்த பெயர். இப்போது ஒரு டிவி சேனலுக்காக நான்காவது படம் வந்திருந்தது.

முதல் ஹிட்லர் மேஜையைக் குத்துகிறவன். படம் முழுக்கக் கத்தினான். மீசையும் கூடவே கத்திவிட்டு ஒரு வாரம் வெந்நீரும் சைகையுமாகக் காலம் தள்ளினார். இரண்டாமவன் கை நடுங்கி, கண்ணை உருட்டி, கால் தடுக்கி விழுந்தான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனார்கள். மூன்றாமவன் அழகன். கடைசியில் அவன் கண் கலங்கியபோது, பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று மீசையின் மைத்துனனே உச்சுக் கொட்டினான். அன்றைக்கு மீசைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காமவன் எதுவுமே செய்யவில்லை. ஒரு காட்சியில், தட்டச்சு செய்யும் பெண்ணிடம் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிக்கிறான். அவள் சொல்வதை முழுக்கக் கேட்கிறான். பிறகு, கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டி, "இது இன்னைக்கே போயிடணும்மா" என்கிறான். அவ்வளவுதான்.

முதல் தடவை அதைப் பார்த்ததும் மீசை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எதற்கு என்று இருந்தது. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் போய், ஒரே டேக்கில், அந்த வரியைச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் 'ஓகே' சொல்ல மறந்துபோனான்.

மறுநாள் சேனல் மேனேஜர் வந்தார். மீசையின் வயதில் பாதி இருக்கும். காட்சியைப் பார்த்துவிட்டு, ஹிட்லர் எங்கே என்று கேட்டார். கத்தாத ஹிட்லரை ஜனங்கள் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? முதல் படத்து நடிகன்தான் நடிகன், அவன் வாயைத் திறந்தால் நெருப்பு என்றார்.

"அதுவும் நான்தான் பேசினேன்" என்றார் மீசை.

"அதான் சார். அதே மாதிரி குடுங்க."

திரையில் இருப்பவனின் உதடு அசைவதே தெரியவில்லை, அதில் கத்தலை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று மீசை மூன்று விதமாக எடுத்துச் சொன்னார். மூன்றுக்கும் மேனேஜர் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, பழைய படத்தின் கத்தலை எடுத்து இதில் போட்டுப் பார்க்கும்படி இன்ஜினியரிடம் சொன்னார்.

போட்டார்கள். ஒருவன் சாந்தமாகக் காகிதத்தை நீட்டுகிறான். அறை அதிர எங்கிருந்தோ ஒரு கர்ஜனை கிளம்புகிறது. அதைக் கேட்டு அந்தப் பெண் வெட்கத்தோடு புன்னகைக்கிறாள். இன்ஜினியர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். மேனேஜர் இரண்டு தடவை பார்த்தார்.

"கொஞ்சம் ஒட்டல" என்று ஒப்புக்கொண்டார். "மேல மியூசிக் போட்டா ஒட்டிடும்."

மீசைக்கு அங்கேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து போய் மேனேஜருக்கு எதிரே நின்றார். "தம்பி, இந்த ஒரு சீனை விட்டுடுங்க. மியூசிக்கும் வேணாம். டிரைலருக்கு என்ன கேட்டாலும் கத்தித் தரேன்."

மேனேஜர் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். என்ன தோன்றியதோ, சரி என்றார். டிரைலருக்காக, படத்திலேயே இல்லாத ஒரு வரியை மீசை பதினோரு தடவை கத்தினார்: "இந்த உலகமே என் காலடியில!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் ஒளிபரப்பானது. மைத்துனன் சோபாவை முழுசாகப் பிடித்துக்கொண்டான். மனைவி கீழே உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் அரைமணி நேரத்திலேயே மைத்துனன் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"முதல் ஆளுதான் அத்தான் ஆளு. இவன் சப்பை. டிரைலர்ல என்னமா கத்தினான், படத்துல மூச்சே விடமாட்டேங்கறான்."

நாலு பேருக்கும் குரல் நான்தானே என்று மீசை நூறாவது தடவையாக நினைவுபடுத்தினார்.

"குரலை விடுங்க. நான் நடிப்பைச் சொல்றேன்."

அந்தக் காட்சி வந்தது. டிவியில் ஏதோ கோளாறு, சத்தமே வரவில்லை என்று மைத்துனன் ரிமோட்டை எடுத்தான். மீசை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் அம்மாவின் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். பேனா காகிதத்தில் உரசியது. "இது இன்னைக்கே போயிடணும்மா."

மனைவியின் கை பாதி மடித்த துண்டின் மேல் நின்றது.

விளம்பரம் வந்ததும் மைத்துனன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அவள் துண்டைப் பார்த்தபடியே, "இதுதான் பயமா இருந்துச்சு" என்றாள்.

மீசைக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிற்று. ஒருத்தியாவது கேட்டுவிட்டாளே. அந்த நடிகன் இமைக்காமல் இருந்ததை, பதில் முடியும்வரை பேனாவைத் தொடாததை, மற்ற மூவரும் எங்கே கோட்டை விட்டார்கள் என்பதை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். துண்டை மடித்து முடித்து, மற்ற துணிகளுக்கு மேலே வைத்தாள்.

"நான் நடிகனைச் சொல்லல. என்மேல கோவம் வந்தா நீங்க இப்படித்தான் பேசுவீங்க. இதே மாதிரி மெதுவா. இதே மாதிரி 'ம்மா' போட்டு."

மீசை பதில் சொல்ல வாயைத் திறந்தார். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

சமையலறையிலிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான். "என்னக்கா, இன்னும் கத்த ஆரம்பிக்கலையா அவன்?"