பிரித்து மேய்கிறவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நீளமான ஆங்கில வார்த்தையைக் கண்டால் கை சும்மா இருக்காது. தொடையில் தட்டித் தட்டி அசை பிரிப்பார்.

"அன்-ஃபார்-சு-னேட்-லி. அஞ்சு தட்டு! எவ்வளவு பெரிய வார்த்தையா இருந்தாலும் பிரிச்சு மேஞ்சிரலாம் மாப்ளே."

மேய்வார், மேய்வார், சாப்பாடு ஆறிப்போகும் வரை மேய்வார். அக்கா ஏதோ மேதையைக் கட்டிக்கொண்ட மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் மாமாவும் ஒரே மெத்தைக் கடையில் வேலை பார்த்தோம். முதலாளி பழைய பஞ்சுக்குப் புது உறை போட்டு விற்கிற உத்தமர். ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வருவது சண்டைக்குத்தான். அப்படிப்பட்டவர் இரண்டாவது கடை திறந்தார். அதற்கு மேனேஜர் நானா, மாமாவா? அந்தப் பஞ்சில் வருஷக்கணக்காகத் தும்மியவன் நான். மாமா நேற்று வந்தவர், அதுவும் என் சிபாரிசில்.

திறப்பு நாளில் மாமா மைக்கைப் பிடித்தார்.

"நம்ம இன்-ஃபேமஸ் முதலாளி அவர்களே! 'இன்'னா உள்ளே. 'ஃபேமஸ்'னா புகழ். எல்லார் மனசுக்குள்ளேயும் புகழோட இருக்கறவர்!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்றாகச் சேர்ந்தால் அந்த வார்த்தைக்கு, பேர் நாறிப்போனவன் என்று அர்த்தம். தொலைந்தார் மாமா, நாற்காலி எனக்குத்தான் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

முதலாளியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவைக் கட்டிப்பிடித்து, கடைச் சாவியை அவர் கையில் வைத்தார். ஒரு மண்டு சொல்ல, இன்னொரு மண்டு உருகுகிறது!

பொறுக்க முடியாமல் முன்னால் ஓடினேன். "முதலாளி, அதுக்குக் கெட்ட பேர் எடுத்தவன்னு அர்த்தம்!"

"அப்படியா? எங்க, நீ பிரிச்சுக் காட்டு."

வாயைத் திறந்தேன். "இன்..."

"ம்."

"...ஃபேமஸ்."

"அதைத்தானே அவரும் சொன்னாரு? அக்கா புருஷன் முன்னுக்கு வந்தா உனக்கு ஏன்யா வயிறு எரியுது?"

கூட்டம் சிரித்தது. மாமா என் தோளில் கை வைத்துத் தட்டினார். "பொ-றா-மை. மூணு தட்டு, மாப்ளே."

இப்போது புதுக் கடை வாசலில் முதலாளியின் படம், அதன் கீழே ஆள் உயரத்துக்கு அந்த ஆங்கில வார்த்தை. தினமும் அதைத் துடைக்க மேனேஜர் என்னைத்தான் அனுப்புகிறார். முதல் வாரம் அவமானத்தில் அழுகையே வந்தது. இப்போதெல்லாம் பளபளவென்று துடைக்கிறேன். அந்தக் கடையில் பொய் எழுதாத பலகை அது ஒன்றுதான்.