பெட்டியின் எடை

“என் சாவுக்கு ஏரோப்ளேன் கம்பெனிக்காரனே வந்து பொட்டி தூக்குவான், பாத்துகினே இரு!”

சாகும்வரை இப்படி அளந்துகொண்டே இருந்த ஞானதாஸின் காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள் மகள் ஜெசிந்தா. அவர் புளுகைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆலம்பரைக் கோட்டையே இடிந்தது என்று கடப்பாக்கத்தில் பேச்சு. மகன் ஜோஷ்வா விமானி ஆனதும் புளுகுக்கும் இறக்கை முளைத்துவிட்டது.

அந்த ஜோஷ்வா தலைமாட்டில் நின்றான். கம்பெனி சம்பளத்தை வெட்டியதும், விமானிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் பார்த்தா அப்பா சாக வேண்டும்! சாவுக்குப் போட்ட லீவையும் பொய்க் காய்ச்சலோடு சேர்த்துவிட்டது கம்பெனி. பொய்யென்று முடிவானால் வேலை காலி.

பெட்டியை மூடப்போகும் நேரத்தில் கார் வந்து நின்றது. கம்பெனி அதிகாரி ராகவன். கையில் மலர்வளையம், அதில் கம்பெனி பெயர் பஸ் போர்டு அளவுக்கு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குள் போனை நீட்டினார்.

“ஒரு போட்டோ எடுத்துக்கறேன். ஹெட் ஆபீஸ்ல நம்பமாட்டேங்கறாங்க. முகத்த கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா…”

செத்த எலியைக்கூட ஊரில் இப்படித் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். ஜோஷ்வாவின் கை முஷ்டியானது. அதை ஜெசிந்தா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டோவ இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே செய்றாங்க சார். ஒங்க ஆபீசு அதையும் நம்பாது. தோள் குடுங்க. வெயிட்டு பொய் சொல்லாது.”

“வா சார், முன்னால வா,” என்று இடம் விட்டார் பக்கத்து வீட்டு ராஜாராம். “அண்ணாத்த கேன்டீன்ல சமையல் பண்ணி, ருசி பாத்தே வளத்த ஒடம்பு.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராகவன் குனிந்தார்.

இரண்டு யானைக்குட்டி படுத்த கனம். கல்லறைத் தோட்டம் வரை மணல். அவருடைய பளபள ஷூவில் ஒன்று பாதி வழியில் புதைந்து அங்கேயே தங்கிவிட்டது. மற்ற மூன்று தோளுக்கும் ஆள் மாறியது. நான்காவதை மாற்ற வந்த ராஜாராம், ஜெசிந்தாவின் பார்வை பட்டதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

மண் போட்டு முடித்தார்கள். ஒற்றை ஷூவோடு, சட்டைத் தோளில் வார்னிஷ் கறையோடு, சவுக்கு மரத்தடியில் நின்று ராகவன் போனில் பேசினார்.

“இல்ல சார், போட்டோ எடுக்கல… நிஜமாவே செத்துட்டார் சார். நான்தான் தூக்கினேன்.”