கறுக்காத தாள்

1

இந்தக் கதை நான் திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகள் ஒரு வேதியியல் ஆய்வாளர். எதையும் குத்திக் குத்திக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். போனில் அழுதுகொண்டே அவள் சொன்னதையெல்லாம், ஆறுதல் சொல்லும் சாக்கில் நான் குறித்துக்கொண்டேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'செந்தணலாய் ஒளிர்ந்த உலையின் முன்னே அவள்...'

வேண்டாம். அந்த உலை ஒளிராது. அது பஞ்சு சுற்றிய ஒரு தகரப் பெட்டி.

2

சாண எரிவாயுவைச் சூடான நிக்கல் துகள்கள் மேல் ஓடவிட்டு, மெத்தனாலும் எரிபொருளும் செய்ய உதவும் கலவையாக மாற்றுவது ஊசியின் வேலை. அந்தத் துகள்கள்தான் வினையூக்கி. சாண வாயுவில் கொஞ்சம் கந்தகம் கலந்திருக்கும். நிக்கலுக்கு அது விஷம். அவள் செய்த பழைய வினையூக்கிகள் எல்லாம் இரண்டாம் நாளே மண்டையைப் போட்டன. புதியது பன்னிரண்டு நாளாகச் சளைக்காமல் ஓடியது. பேராசிரியர் ஆய்வகத்துக்கே இனிப்பு வாங்கி வந்தார். ஊசிக்குத்தான் அது நம்பும்படி இல்லை.

வாயுக் குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகுழாயைத் திறந்தாள். வழக்கமான அழுகிய முட்டை நாற்றம் இல்லை. கந்தகம் பட்டால் கறுக்கும் சோதனைத் தாளை வாயு வரும் வழியில் பிடித்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"அண்ணே, கேஸ் சாணத் தொட்டியிலேர்ந்துதானே வருது?"

டெக்னீஷியன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தொட்டி நுரை பொங்கி நின்னு பன்னெண்டு நாளாச்சும்மா. கந்தகமில்லாத சிலிண்டர் கேஸ்லதான் ஓடுது. சார்தான் மாத்தச் சொன்னாரு. உங்ககிட்ட அவரே சொல்லிடுறேன்னாரு."

பேராசிரியரிடம் போனாள்.

"நானா? அவனா மாத்திட்டு என் தலையில கட்டுறானா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாச்சும்மா. உன் பட்டமும் இதுலதான் நிக்குது. தொட்டி வாயுன்னே இருக்கட்டும்."

3

(இந்த இடத்தில் பேராசிரியருக்கு ஒரு தங்கப் பல் வைத்திருந்தேன். மலிவான வேலை, அடித்துவிட்டேன். அவர் பொய் சொன்னாரா, டெக்னீஷியன் சொன்னாரா என்று எனக்கும் தெரியாது. கதாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?)

தொட்டி சரியானதும் ஊசி யாரையும் கேட்கவில்லை. சிலிண்டரை மூடி, தொட்டி வால்வைத் திறந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு மணி நேரத்தில், வெளிவரும் கலவையில் ஹைட்ரஜன் பாதியாகக் குறைந்தது. ஒன்பதாவது மணியில் வினையூக்கி செத்தது. அது சரிந்ததைக் காட்டும் வரைபடத்தையும் இணைத்து, சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகத் தன் கையாலேயே கருத்தரங்குக்கு எழுதினாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பேராசிரியர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

4

இங்கேயே முடித்திருந்தால் நேர்மையான பெண்ணின் கதையாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வடிகுழாயைத் தினமும் காலையில் திறப்பது அவள்தான்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "ஏன்டி, பன்னெண்டு நாளா நாத்தமே வரலையே, உனக்குத் தோணவே இல்லையா?"

"சளி புடிச்சிருந்துச்சு" என்றாள். பிறகு, "இதையும் எழுதப் போறியா?" என்று கேட்டாள்.

எழுதமாட்டேன் என்று சொன்னேன்.

அவளை நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. என்னை நம்பவேண்டாம் என்பதற்கு மட்டும் இதோ அத்தாட்சி: எழுதிவிட்டேன்.