இரவல் போன பார்வையின்மை

வகுப்பம்மாவின் பார்வையின்மை காணாமல் போனது ஒரு புதன்கிழமை காலை, பதினொன்றே காலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். எடுத்துக்கொண்டு போனவர் சான்றிதழ் அலுவலகத்து நான்காம் கவுன்டர் எழுத்தர். நாள் முழுக்க முத்திரை குத்துவதால் சீல் அண்ணன் என்று பெயர். திருடிவிட்டார் என்று யாரும் சொல்வதற்கில்லை. வகுப்பம்மா தன் கையாலேயே கொடுத்தது அது. நாற்பது நிமிடத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வகுப்பம்மா பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அரசு ஊழியர்கள் ஆண்டுக்கொரு முறை கட்டாயம் உட்கார வேண்டிய ஒரு வகுப்பை நடத்திவந்தார். பன்மைத் தன்மை, உள்ளடக்கும் தன்மை, அணுகல் தன்மை என்று அதற்கு நீளமான பெயர். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க ஆளில்லாததால் ஊழியர்கள் அதை மூணு தன்மை கிளாஸ் என்றார்கள். நடக்க முடியாதவர், காது கேளாதவர், மொழி தெரியாதவர் என யார் கவுன்டருக்கு வந்தாலும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் சாரம். திரையில் விதிகள் ஓடும்போது பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். அதனால் கடைசியில் அவர் ஒரு பயிற்சி வைத்திருந்தார். முன்வரும் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, அவர் உள்ளங்கைகளோடு தன் உள்ளங்கைகளைச் சேர்த்து, தன் பார்வையின்மையை அவருக்குக் கொடுப்பார். பதிலுக்கு அவர் பார்வை வகுப்பம்மாவிடம் வந்து இருக்கும். வாங்கியவர் கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு படிவம் வாங்கி நிரப்பி, கழிப்பறைக்கும் போய்விட்டு வர வேண்டும். அதுவரை வகுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் ஆண்டில் ஒருமுறை திறந்து பார்த்து, தலை சுற்றி வாந்தி எடுத்ததோடு அந்த ஆசை விட்டுப்போயிற்று. ஒன்பது ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். எல்லாரும் டீ குடித்துவிட்டு சீட்டுக்குத் திரும்பி, வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார்கள்.

அந்தப் புதன்கிழமை காலைதான் சீல் அண்ணன் கையில் இடமாற்ற உத்தரவு வந்திருந்தது. பதினொரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு கிளை. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் உள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். புதிய ஊரில் அந்த இயந்திரம் கிடையாது. தனியாக விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. மாற்றல் வேண்டாம் என்று முன்கூட்டியே ஏழு முறை மனுப்போட்டு ஏழும் திரும்பி வந்திருந்தன. அன்று திரையில் ஒன்பதாவது படத்தைப் போட்டு வகுப்பம்மா விதியைச் சொன்னார்: மாற்றுத்திறனாளி ஊழியரை அவர் சம்மதம் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது. ஒன்பது ஆண்டுகளில் அந்த வகுப்பைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் சீல் அண்ணன்தான். பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

வாங்கிக்கொண்டு கீழே போனவர் படிவம் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போய், ஒரு வண்டி பிடித்து நேராக மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றார். குழு புதன்கிழமைகளில்தான் கூடும். மூன்று மருத்துவர்கள் விளக்கடித்துப் பார்த்து நூறு சதவீதம் என்று எழுதினார்கள். மாலைக்குள் சான்றிதழ் கைக்கு வந்தது. ஒரு சான்றிதழ் ஒரே நாளில் கிடைத்தது என்பதைத்தான் ஊரார் இன்றுவரை நம்ப மறுக்கிறார்கள், மற்றதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாடியில் வகுப்பம்மா மூடிய கண்ணோடு மூன்றரை மணி வரை காத்திருந்தார். "டீ குடிங்கம்மா, வந்துடுவாரு" என்று அலுவலகக் கண்காணிப்பாளர் இரண்டு முறை சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை நான்காம் கவுன்டரில் முதல் ஆளாக வகுப்பம்மா போய் நின்றார். "என்னோடதைக் குடுத்துடுங்க சார்" என்றார். சீல் அண்ணன் முத்திரையைக் கீழே வைத்தார். "கைமாத்தா நெனச்சுக்கங்கம்மா. கொஞ்ச நாள்தான்" என்றார். காரணம் சொல்லவில்லை. வைத்திருப்பவர் மனசார நீட்டினால்தான் அது கைமாறும், பிடுங்கினால் வராது. வகுப்பம்மா அவர் கைகளை இழுத்துப் பிடித்து அழுத்திப் பார்த்தார். வியர்வைதான் ஒட்டியது. பிறகு ஒரு மனு எழுதவைத்துக் கண்காணிப்பாளரிடம் போனார். அவர் மனுவை வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "கண்ணு வந்ததுக்கு யாராவது மனு குடுப்பாங்களாம்மா? போய் சந்தோஷமா இருங்க" என்றார். அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். வீடு தேடி வந்து வாழ்த்தியவர்களை உட்காரவைத்து, அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பம்மா வாய்விட்டு அழுதார்.

நாற்பத்தொரு வயதில் வந்த பார்வை அவருக்கு எதற்கும் உதவவில்லை. எது பக்கம், எது தூரம் என்று தெரியவில்லை. படிக்கட்டு சுவரில் போட்ட கோடாகத் தெரிந்தது. கம்பை ஊன்றி நடந்த காலத்தில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போது நடுத்தெருவில் திகைத்து நின்றால் "கண்ணு தெரியல?" என்று வண்டிக்காரர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். பத்து வயது மகள் எதிரில் வந்து நின்றபோது யாரோ ஒரு பிள்ளை என்று நினைத்தார். "அம்மா, நான்தாம்மா" என்று அவள் குரல் கொடுத்த பிறகே கண்ணை மூடி, முகத்தைத் தடவி, தன் மகளைக் கண்டுபிடித்தார். துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்துப் பார்த்தார். கட்டினால் இருட்டுதான் வந்தது. முன்பு அவரிடம் இருந்தது இருட்டே இல்லை. அது போனபோது விரலில் இருந்த படிப்பும் கூடவே போய்விட்டிருந்தது. பிரெய்லிப் பக்கத்தைத் தடவினால் மணலைத் தடவுவதுபோல் இருந்தது. அச்செழுத்தோ தெரியாது. ஆண்டுப் பரிசோதனையில் பார்வை இருப்பது தெரிந்து, பொய்ச் சான்றிதழில் வேலை பார்த்தாரா என்று விளக்கம் கேட்டு ஓர் உத்தரவு வந்தது. அதை மகள் வாசித்துக் காட்டினாள். வேலை போயிற்று. மகளுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மகளிடமே அவர் எழுத்துக் கற்றார். கலர் பென்சில் டப்பாவைத் திறந்து நிறங்களின் பெயரைக் கற்றார். எல்லாம் தெரிந்த ஒரு பெண் மூன்றே மாதத்தில் ஒன்றும் தெரியாதவளாக ஆனாள்.

சீல் அண்ணன் பாடும் சொல்லும்படி இல்லை. மூணு தன்மை கிளாஸ் முடித்த சான்றிதழ் இருபத்தேழு அந்த அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. இருந்தும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் கேட்டு அவர் போட்ட கோப்பு மேசை மேசையாக அலைந்தது. முத்திரை இடம் மாறி விழுகிறது என்று முதல் வாரமே அதை வாங்கிக்கொண்டார்கள். "நீங்க சும்மா உக்காருங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். மூன்று ஆண்டுகள் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செவ்வாய், வியாழன், சனி மட்டும் அரைநாள் விடுப்பு. அந்த நாட்களில் போகும்போது மனைவி அவரைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். திரும்பும்போது மனைவிக்குக் கால் தள்ளாடும், அவர் தாங்கிப் பிடித்து வருவார்.

பதினோராம் மாதம் வகுப்பம்மா ஒரு முடிவோடு அவர் வீட்டுக்குப் போனார். சட்டையைப் பிடித்து உலுக்கியாவது வாங்காமல் திரும்புவதில்லை என்பது முடிவு. கதவைத் திறந்தது மனைவி. முகங்கள் ஓயாமல் அசைவதால் அதுவரை எந்த முகத்தையும் வகுப்பம்மாவால் முழுசாகப் பார்க்க முடிந்ததில்லை. இந்த முகம் அசையக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது. அதனால் அதை முழுதாகப் பார்த்தார். அவர் பார்த்த முதல் முகம் அதுதான். யார் எவர் என்று கேட்காமலே அந்தம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "இவருக்குக் கண்ணு போனதுல ஒரே ஒரு நல்லது, மாத்தல் நின்னுச்சு. இல்லேன்னா எங்கியோ போயிருப்பாரு, நான் இங்க கெடந்து செத்திருப்பேன்" என்றார். உள்ளே நிலையைப் பிடித்தபடி சீல் அண்ணன் நின்றார். வகுப்பம்மா தண்ணீரைக் குடித்தார். வந்த காரியத்தைக் கேட்காமலே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீடு வரை நடந்தார். அடுத்த மாதமும் போனார், அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவது என்றுதான் போவார். ஒவ்வொரு முறையும் அந்தம்மாதான் கதவைத் திறப்பார். இரண்டு ஆண்டுகளில் இருபத்து மூன்று முறை அப்படிப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் மனைவி இறந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம், ஒரு பகல் வேளையில், சீல் அண்ணன் கம்பைத் தட்டிக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு வகுப்பம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். "எடுத்துக்கங்கம்மா" என்றார். உள்ளங்கைகள் சேர்ந்தன. பார்வையின்மை போன மாதிரியே சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. அறை தன் அளவுக்குத் திரும்பியது. கதவு கதவின் தூரத்திலும், அடுப்பு அடுப்பின் தூரத்திலும் இருந்தன. பக்கத்து அலமாரியில் இருந்த பிரெய்லிப் புத்தகத்தை எட்டி எடுத்து, வகுப்பம்மா ஒரு வரியைத் தடவிப் படித்தார். அடுத்த வரியைப் படிக்கவிடாமல் அழுகை முட்டியது.

சீல் அண்ணன் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பார்க்க ஆசைப்பட்ட ஒன்று இனி எங்கும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. கூடவே இருக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். கூடவே இருந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். "கடைசில எப்படிம்மா இருந்தா?" என்று கேட்டார்.

"உங்க கண்ணாலதான் பாத்தேன், அதனால உங்களுக்கே சொல்றேன்" என்று வகுப்பம்மா ஆரம்பித்தார். மெலிந்து போயிருந்தார் என்றார். இடது புருவத்தின் நடுவில் முடி கொட்டியிருந்தது. முன்பல் ஒன்று விழுந்துவிட்டதால், சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வார். கூந்தலில் நீல நாடா கட்டியிருந்தார், பென்சில் டப்பாவில் ஏழாவதாக இருக்கும் நீலம். எது கேட்டாலும், பதில் சொல்லும் முன் திரும்பி, சீல் அண்ணன் நிற்கும் நிலைப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். பல் விழுந்தது சீல் அண்ணனுக்குத் தெரியாது.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றார் வகுப்பம்மா. "மொதல் நாளே, இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டார நீங்க உள்ள போனப்ப, என் கையப் புடிச்சாங்க. அவருகிட்ட இருக்கறது யாரோடதுன்னு தெரியும், நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன், அதுவரைக்கும் விட்டுவைங்கன்னாங்க. அவருகிட்ட சொல்லிடாதீங்க, வெக்கப்படுவாருன்னாங்க."

மருத்துவக் குழு அடுத்த புதன்கிழமை கூடி, சீல் அண்ணனுக்குப் பார்வை சரியாக இருக்கிறது என்று எழுதியது. பழைய இடமாற்ற உத்தரவு தேதி மட்டும் திருத்தப்பட்டு மறுநாளே வந்தது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பதினொரு மணி நேரம் பயணம் செய்து புதிய கிளைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பம்மாவுக்குப் போன் செய்வார். முகம் எப்படி இருந்தது என்று கேட்பார். வகுப்பம்மா புருவத்தில் ஆரம்பித்து, ஒன்றும் விடாமல் மறுபடியும் சொல்வார்.