எல்லைக்கல்லில் நின்ற வண்டி

கும்பகோணத்தில் வண்டியைக் கிளப்பியதும் மருதையன் முதல் வேலையாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினான். அமுக்காவிட்டால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் எஞ்சின் தானாக அணையும். கிளட்சை மிதித்தால் தானாக உயிர் வரும். பெட்ரோல் மிச்சம். வண்டிக்குச் சொந்தக்காரரான ரசியா பேகம் அதற்காகவே இதை எடுத்தார். ஆனால் எஞ்சின் நின்றால் ஏசி சோர்ந்துபோகும், பின்சீட்டுக்காரர் துண்டால் விசிறிக்கொள்வார். முதலாளிக்குத் தெரியாமல் முதலாளியின் லாபத்தை அணைத்துவைப்பது வாடகைக்கு ஓட்டுகிறவனின் முதல் சாமர்த்தியம்.

பின்சீட்டில் பாத்திரக்கடை துரைராசு. தட்டிப் பார்க்காமல் சொம்பு வாங்காதவர், சகுனம் பார்க்காமல் படி தாண்டாதவர். மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பூனை குறுக்கே போயிற்றென்று பாதி வழியில் திரும்பியவர். அதன்பிறகு பெண்வீட்டார் சீரைக் கூட்டினார்கள் என்பதை ஊர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நாச்சியார்கோவில் தாண்டும்போது அவர் போனில் பேசியதில்தான் மருதையனுக்கு விஷயம் புரிந்தது. நன்னிலத்துக்குப் பக்கத்தில் சிங்காரவேலுவின் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். பிடித்தால் இன்றைக்கே பேசி முடித்துவிடுவார். மனை போடுவதற்கு.

அந்த ஐந்து மாவையும் இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறவள் மருதையனின் அக்கா அம்சம். வாய்ப்பேச்சுக் குத்தகை, பதிவு கிடையாது. பதிவு கேட்டு அந்த ஆட்சியில் ஒரு மனு, இந்த ஆட்சியில் ஒரு மனு. வாங்கிக்கொண்ட கைகளில் கரைவேட்டிதான் மாறியது. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள் என்பதால் இன்றும் திருவாரூர் கலெக்டர் ஆபீசில்தான் நின்றுகொண்டிருப்பாள். விற்றாலும் இந்தச் சம்பாவை அறுத்துக்கொண்டு தையில் போ என்று சிங்காரவேலு வாக்குக் கொடுத்திருந்தார். விற்பனையே தை வரைக்கும் தள்ளிப்போனால் அதற்குள் மனுவுக்கு ஒரு வழி பிறக்கும் என்பது அவள் கணக்கு.

கோபம் வருகிறதா என்று மருதையன் பார்த்தான். வரவில்லை. மூன்றாவது கியருக்கு மாற்றினான்.

எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் சிங்காரவேலு வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தார். டிரைவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லை. பொத்தானை மறுபடி அமுக்கி, எஞ்சின் தானாக அணைய வழிவிட்டு, முன்சக்கரம் கல்லைத் தொடுகிற இடத்தில் மருதையன் நிறுத்தினான். நியூட்ரல். கிளட்சிலிருந்து காலை எடுத்தான். எஞ்சின் அடங்கியது. மடைத்தண்ணீர் ஓடுகிற சத்தம் காருக்குள் வந்தது.

"என்னப்பா?" என்றார் துரைராசு.

"தெரியலங்க. தானா நின்னுபோச்சு."

சிங்காரவேலு தட்டோடு கிட்டே வந்தார். "புது வண்டிதானேங்க?"

"புது வண்டிதாங்க. அதான் யோசனையா இருக்கு."

துரைராசு இறங்கினார். எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். அவசரமே படவில்லை. வரப்பில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் இது கடைத்தெருவுக்குப் போய்விடும், அப்புறம் இன்னொரு ஆள் இந்த நிலத்தைப் பார்க்க வரமாட்டான் என்பது சிங்காரவேலுவுக்கும் தெரியும். பரிகாரம் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று அவர்தான் இழுத்தார். செய்யலாம், செலவாகும் என்றார் துரைராசு. பரிகாரம் மாவுக்கு முப்பதாயிரம் குறைப்பதில் வந்து நின்றது. கூடவே ஒரு சின்னச் சங்கதி: சகுனம் கெட்ட மண்ணில் வேறொருத்தர் விதைத்த பயிர் நிற்கக்கூடாதாம். நாற்று நாற்றங்காலோடு இருக்கட்டும், நடவு கூடாது. நிலம் காலியாக வேண்டும். தை என்று கொடுத்த வாக்கை மறந்து சிங்காரவேலு தலையாட்டினார்.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பியது. ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் துரைராசு முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தார்.

"எங்க மாப்பிள்ளை வண்டியும் இப்படித்தான் தம்பி நிக்கும்."

மருதையன் பிரேக்கில் கால் வைத்திருந்தான். எதிரே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சைக்கோடு எரிந்தது.

"பிரேக் புடிச்சா வீணாப் போற வேகத்தக்கூட விடாம பேட்டரில போட்டுக்குதாமே. ஒனக்கு என்ன மனத்தாங்கலோ, ஏன் நிறுத்துனேன்னு நான் கேக்கல. நீ புடிச்ச பிரேக் எனக்கு வீணாப் போவல."

கண்ணாடியில் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மருதையன் பஸ் பிடித்துப் போனான். நிலம் காலியாகப் போகிறது என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். எதுவும் சரியாக உட்காரவில்லை. வயலில் அக்கா முழங்கால் சேற்றில் குனிந்திருந்தாள். கூட நான்கு பெண்கள். வயலின் ஒரு மூலை நடவாகியிருந்தது.

"வா தம்பி. சேதி தெரியுமா? நெலத்த வாங்க வந்தவன் காரு நம்ம எல்லையில வந்து செத்துப்போச்சாம். கடத்தெரு பூரா அதான் பேச்சு."

"ம்."

"மனு போட்டு மனு போட்டு ஓஞ்சேன். சாமியே வந்து நிறுத்திருச்சு பாரு. இனிமே எவன் வருவான்? அதான் ஆளப் புடிச்சு நடவ ஆரம்பிச்சுட்டேன்."

அவள் சிரித்து அவன் பார்த்து ரொம்ப நாளாயிற்று. சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அடுத்த நாற்றை ஊன்றியிருந்தாள்.

"சும்மா நிக்கிறியே, அந்த நாத்து முடிய இப்புடிப் போடேன்."

மருதையன் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பிலிருந்த நாற்றுமுடி ஒன்றை எடுத்தான். வேரிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டைக்குள் போனது. வீசினான். அது அவளுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து நிமிர்ந்து நின்றது. அவள் குனிந்தபடியே இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.