செல்வகணேஷின் ரவுட்டர் ஓயாமல் பேசிய மத்தியானம்

இப்போதெல்லாம் எவனும் முகம் பார்த்துப் பதில் சொல்வதில்லை. சாலைக் கடைத்தெருவில் பயறு என்ன விலை என்று கேட்டால், காதில் செல்போனை வைத்தபடி விரலைக் காட்டுகிறான். நாற்பது வருஷம் அதே தெருவில் மூட்டை தூக்கியவன் நான். எனக்கு விரல் காட்டுகிறான்.

என் மகன் செல்வகணேஷும் சளைத்தவனில்லை. இவன் அம்மா மாடம்மாள் போய்ச்சேர்ந்தபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவன் பேச்செல்லாம் அந்த ரவுட்டர் பெட்டியோடுதான். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கிற பெட்டியாம். படிக்கிற இடத்தில் கழித்துப்போட்டதைத் தூக்கிவந்து மூன்று நாளாகப் பழகினான். மறுநாள் பரீட்சை. ஜெயித்தால் துபாய்.

மத்தியானம் "அய்யோ" என்று கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தேன். சாக்கு கிழிந்து பயறு சரிகிற மாதிரி திரையில் எழுத்து கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னலே இது?"

"டீபக் போட்டேம்பா. உள்ள என்ன நடக்குன்னு அதுவே சொல்லும். ஒண்ணை மட்டும் கேட்டிருக்கணும். நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"பிளக்கைப் புடுங்கட்டா?"

"வேண்டாம்பா! இன்னும் சேவ் பண்ணலை. மூணு நாள் வேலையும் போயிரும்."

என் கை அதற்குள் சுவிட்சின் மேல் இருந்தது. வேலை போனால் பரீட்சை போகும். பரீட்சை போனால் இவன் இங்கேயே கிடப்பான். பொய் சொல்லவில்லை, அதைத்தான் நினைத்தேன்.

நிறுத்தச் சொல்லும் கட்டளையைத் தட்டினான். தட்டிய எழுத்தெல்லாம் துண்டு துண்டாகச் சிதறி அந்தக் குவியலில் காணாமல் போயிற்று.

"நீ சொன்னதை அது கேக்கவே இல்லையே."

"கேக்கும்பா. கேட்டது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

திரையைப் பார்க்காமல் மறுபடி தட்டினான். பிறகு என் கையைப் பார்த்தான். "அப்பா" என்றான்.

கையை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கொட்டுவது நின்றது. முதல் வேலையாகச் சேவ் பண்ணினான். அப்புறம் இன்னும் ஏதோ தட்டினான்.

"இனிமே திரையில கொட்டாது. உள்ளேயே சேத்து வச்சுக்கும். வேணும்னா போய்ப் பாத்துக்கலாம்."

"நீ போய்ப் பாக்கலைன்னா?"

"பழசு அழிஞ்சு புதுசு ஏறிக்கிட்டே இருக்கும். ஒண்ணும் கெட்டுப்போகாதுப்பா" என்று சிரித்தான்.

கெட்டுப்போகாதென்று இவனுக்கு எவன் சொன்னான்? பார்க்காமல் அடைத்துவைத்த பயறு புழுத்துப்போவதை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். அரிசி களைய அடுக்களைக்குப் போனேன்.